மாத்திரைத் தாளில் சூதாட்டம்

நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள உதவும் டோபமைனுக்கு மூளையில் பல வேலைகள். கைகால் அசைவைச் சீராக வைத்திருப்பது ஒன்று. ஒரு பொருளின்மேல் ஆசையை மூட்டி அதைத் தேடிப் போகவைப்பது இன்னொன்று. முதல் வேலையைச் சரிசெய்யப் போன மருந்து இரண்டாவதையும் கிளறிவிட்டது நடுக்குவாத சிகிச்சையில்தான் முதலில் தெரியவந்தது.

நடுக்குவாதக்காரர்களுக்கு மூளையில் டோபமைன் வற்றிப்போகிறது. அது செய்ய வேண்டிய தூண்டலைத் தானே செய்யும் பிரமிபெக்ஸோல் 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அரிசோனா மாநிலத்து மருத்துவர்கள் தங்களிடம் ஓராண்டில் வந்துபோன 1,884 நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 9 பேர் கட்டுமீறிச் சூதாடியிருந்தார்கள். அவர்களில் 8 பேர் சாப்பிட்டது பிரமிபெக்ஸோல். அரை சதவீதம்கூட இல்லையே என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் 2010இல் வெளியான ஆய்வுக்காக 3,090 நோயாளிகளிடம் நேரில் கேட்டபோது 5 சதவீதத்தினரிடம் சூதாட்டப் பிரச்சினை தென்பட்டது. சேமிப்பைச் சூதில் தொலைத்ததை, கை நடுக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் யார் தாமாகச் சொல்வார்கள்?

மனநோய் மருந்துகளின்மேல் அப்போது பெரிதாக ஐயம் எழவில்லை. 1952இல் புழக்கத்துக்கு வந்த குளோர்புரோமசின் முதற்கொண்டு அவை டோபமைனைத் தடுப்பவை. அவற்றால் ஆசை அடங்கத்தானே வேண்டும்? ஜப்பானின் ஒட்சுகா நிறுவனம் உருவாக்கி, 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அரிபிப்ரசோல் வேறு ரகம். டோபமைன் பெருகிய இடத்தில் அதைத் தணிக்கும்; குறைந்த இடத்தில் சற்றுத் தூண்டும். குழாயை முழுக்க அடைக்காமல் பாதி திறந்துவைப்பது போல. 2011இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள், இதைச் சாப்பிட்டபோது சூதாட்டத்தில் சிக்கிய மூவரைப் பற்றி எழுதினார்கள்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. அரிபிப்ரசோல் தரப்படும் இருதுருவ மனநோயில் எழுச்சி ஓங்கும் நாட்களில் நோயே பணத்தை வாரி இறைக்க வைக்கும். நோயின் வேலையா, மருந்தின் வேலையா? தேதிகளை ஒப்பிட்டுத்தான் ஓரளவு சொல்ல முடியும்: மருந்து தொடங்கியபின் வந்ததா, அளவைக் குறைத்ததும் போனதா என்று.

2016 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அரிபிப்ரசோல் பற்றி வெளியிட்ட எச்சரிக்கையும் இந்தக் கணக்கையே சார்ந்திருந்தது. 13 ஆண்டுகளில் அதற்குத் தெரியவந்தவை 184 சம்பவங்கள். 164 சூதாட்டம், மற்றவை அடக்க முடியாத தீனி, கடைச்செலவு, பாலுறவு வேட்கை. பெரும்பாலோருக்கு முன்பு அந்தப் பழக்கமே இருந்ததில்லை. மருந்தைக் குறைத்த அல்லது நிறுத்திய சில நாட்களிலோ சில வாரங்களிலோ உந்துதல் அடங்கியது. லட்சக்கணக்கானோர் சாப்பிடும் மருந்துக்கு இது அரிய விளைவுதான். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் பழைய நோய் திரும்பும் அபாயமும் உண்டு.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துவைக்கும் பொடியெழுத்துத் தாளில், பக்கவிளைவுப் பட்டியலில் சூதாட்டம் ஒரு சொல்லாக முன்பே கிடந்தது. எச்சரிக்கைக்குப் பின் அதற்குத் தனிப் பத்தி கிடைத்தது. தன் நடத்தை மாறியது நோயாளிக்கே புலப்படாமல் போகலாம் என்பதால், சூதாடத் தோன்றுகிறதா என்று அவரிடமோ வீட்டாரிடமோ மருத்துவர் குறிப்பாகக் கேட்க வேண்டும் என்கிறது அந்தப் பத்தி.