இரண்டாம் உலகப்போரும் பாலக்காடு – இடுக்கி எல்லைப்புறமும்: அரிசி, நிலம், சொல்

இரண்டாம் உலகப்போரின் வரலாறு தென்னிந்தியாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் துறைமுக நகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளானதும், சென்னை மக்கள் நகரைவிட்டு வெளியேறியதும் பலமுறை கூறப்பட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் ஒரு குண்டும் விழவில்லை. எனினும் அப்பகுதியின் குடியமைப்பு, நிலவுடைமை, உணவு, மொழி எல்லை ஆகிய நான்கையும் அந்த ஆறு ஆண்டுகள் மாற்றின. போர் அங்குப் படையாக வரவில்லை. அரிசித் தட்டுப்பாடாக வந்தது.

இன்றைய மாவட்டப் பெயர்களைக் கொண்டு அன்றைய நிலையை அறிய முயல்வது குழப்பம் தரும். போர்க்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் ஒரு வட்டம். அதை அடுத்த சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. ஆனைமலைக்குத் தெற்கே உள்ள தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை; இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றுதான் உருவாயிற்று. ஆகவே தமிழ் பேசும் மக்கள் தொடர்ச்சியாக வாழ்ந்த ஒரு மலைச்சரிவு மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. அமைதிக் காலத்தில் இப்பிரிவினை சுங்கச் சாவடியோடு நின்றது. தானியத்தின் நடமாட்டத்திற்கு அரசு அனுமதி வேண்டும் என்ற நிலை வந்தபின் அது ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரை வரை எட்டியது.

அரிசி நின்றபின்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் மார்ச் 8 அன்று இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பாதியைக்கூட விளைவிக்காத நாடு. எஞ்சியதைப் பர்மாவும் சயாமும் அளித்துவந்தன. தென்னை, மிளகு, தேயிலை, ஏலம் ஆகியவற்றை ஏற்றுமதி செய்து அரிசியை இறக்குமதி செய்யும் பொருளாதாரத்தை அந்நாடு நூறாண்டுக் காலத்தில் அமைத்துக்கொண்டிருந்தது. விலையுள்ள பயிருக்கு நிலத்தை விடுவது இலாபமே. ஆனால் கடல் திறந்திருக்கும்வரைதான். கடல் மூடியதும் பணப்பயிர் நாடு பட்டினி நாடாயிற்று. மலபாரும் பற்றாக்குறை மாவட்டமே. அதனுள் பாலக்காட்டு வயல்கள் மட்டும் நெல்மிகுதி கொண்டவை. எனவே அந்நெல்லை நோக்கி மேற்கேயும் தெற்கேயும் இருந்து கைகள் நீண்டன.

போர்ச்செலவுக்காக அரசு வெளியிட்ட தாள்பணம் நிலைமையை மேலும் கடுமையாக்கியது. 1939க்கும் 1945க்கும் இடையே இந்தியாவில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. பிரிட்டனுக்காக இந்தியா செய்த செலவு இலண்டனில் வரவுக்கணக்காகக் குவிந்தது. போரின் இறுதியில் அது சுமார் 130 கோடிப் பவுன். கடனாளி நாடு கடன் கொடுத்த நாடாக மாறியது என்று பொருளியலார் இதனைக் குறிப்பிடுவர். அந்த வரவை உண்ண முடியாது என்பதை 1943இன் வங்கப் பஞ்சம் காட்டியது. அதில் மடிந்தோர் ஏறத்தாழ முப்பது இலட்சம். நெல்லாகவே பாட்டம் பெற்ற நிலவுடைமையாளர்க்கு விலையேற்றம் ஆதாயமாயிற்று. காசுக்கூலி பெற்றவர்க்கு அதுவே இழப்பாயிற்று.

திருவிதாங்கூரின் துயரம் வங்கத்தின் அளவுக்கு அறியப்படவில்லை. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே. ஜி. சிவசாமி அங்கு நிலவிய உணவுப்பஞ்சத்தையும் சத்துக்குறைவு நோய்களையும் ஆராய்ந்து 1945இல் ஒரு நூலும், திருவிதாங்கூர் மக்கள் மலபார்க் காடுகளுக்குப் பெயர்ந்ததைப் பற்றி அதே ஆண்டில் மற்றொரு நூலும் வெளியிட்டார். இரண்டும் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்தன. கணவாயின் கிழக்கு வாயிலிலிருந்து பார்த்தவர்க்கே இருபுறத்து நிலையும் ஒருசேரத் தெரிந்தது போலும்.

மலைமேல் முரண் இன்னும் கூர்மையானது. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் திருவிதாங்கூர் மலையிலிருந்து இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லை விளைவித்தது. பீர்மேட்டுத் தோட்டங்களுக்குக் குமுளி வழியாகவும், தேவிகுளத்துத் தோட்டங்களுக்குப் போடிநாயக்கனூர் வழியாகவும் அரிசி ஏறியது. தானியக் கட்டுப்பாடு வந்தபின், நீர் தடையின்றி இறங்கிற்று. அரிசி ஏறுவதற்கு மட்டும் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது.

அங்காடிச் சொற்கள்

1942 டிசம்பரில் நடுவண் அரசு உணவுத் துறையைத் தனியே அமைத்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் நகரத்தோடு நிறுத்தாமல் நாட்டுப்புறம் உள்பட மக்கள் அனைவரையும் பங்கீட்டின்கீழ்க் கொணர்ந்தன. பிற பகுதிகளில் இது அரிது. வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் மட்டுமே தோன்றிய அரசு, ஒவ்வொரு குடும்பத்தின் தலைகளை எண்ணி, வாரத்துக்கு இவ்வளவு தானியம் என்று அளந்து கொடுக்கும் அரசாயிற்று. கேரளத்தில் பிற்காலத்தில் புகழ்பெற்ற பொது வழங்கல் முறைக்கு வேர் இங்கேயே உள்ளது. பங்கீட்டுத் திட்டத்தை நலவாழ்வரசின் கொடையாக மட்டும் காண்போர், அது போர்க்கால நெருக்கடியின் குழந்தை என்பதை மறந்துவிடுகின்றனர்.

இம்மாற்றம் இரு மொழிகளிலும் பதிந்துள்ள விதம் ஒப்பீட்டிற்குரியது. ரேஷன், கூப்பன், பெர்மிட், லெவி ஆகியன இரண்டிலும் அப்படியே புகுந்தன. தமிழ்ப் பேச்சில் ‘கண்ட்ரோல்’ என்பது பெயரடையாகி, கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் துணி, கண்ட்ரோல் விலை எனப் பெருகியது. அங்குக் கண்ட்ரோல் என்பதன் பொருள் கட்டுப்பாடு அன்று. ‘அரசு விலையில் கிடைக்கும் தரங்குறைந்த’ என்பதே. கட்டுப்பாட்டுக்கு வெளியே நடந்த வாணிகத்திற்கு மலையாளம் ‘கரிஞ்சந்த’ என்று நிறத்தை வைத்துப் பெயரிட்டது. தமிழில் கறுப்புச் சந்தை என்னும் நேர்பெயர்ப்பு வழங்கினும் கள்ளச்சந்தையே வேரூன்றியது. நிறம் நீங்கிக் குற்றம் முன்வந்தது. தானியத்தை மறைத்துவைத்தலைத் தமிழ் ‘பதுக்கல்’ என்றது. மலையாளம் ‘பூழ்த்திவைப்பு’, அதாவது புதைத்துவைத்தல், என்றது. இரண்டும் பழைய வினைகளே. அவை சட்டத்தின் குற்றப்பெயர்களாக உயர்ந்தது இக்காலத்தில்தான்.

மரவள்ளியின் பெயர்கள் தனிக் கவனத்திற்குரியன. விசாகம் திருநாள் மன்னர் 1880களில் ஊக்குவித்த இக்கிழங்கு, போர்க்காலத்தில் ஏழையின் துணையுணவு என்ற நிலையிலிருந்து பலருக்கு முதன்மை உணவு என்ற நிலைக்கு உயர்ந்தது. தென் திருவிதாங்கூரில், தமிழர் உள்பட, ‘மரச்சீனி’ என்றனர், நடுத்திருவிதாங்கூரில் ‘கப்ப’, திருச்சூர், பாலக்காட்டுப் பக்கம் ‘கொள்ளி’, வடமலபாரை நோக்கிச் செல்லச் செல்லப் ‘பூள’, கொங்கு நாட்டில் ‘குச்சிக்கிழங்கு’. நடுத்திருவிதாங்கூர்க் குடிகள் மலையேறிய இடமெல்லாம் கப்ப என்ற சொல்லும் ஏறியது. ஒரு மலையூரில் வயது முதிர்ந்தோர் கிழங்குக்கு வழங்கும் பெயரைக் கேட்டாலே குடியேறிய திசையை ஓரளவு ஊகிக்கலாம். கிளைமொழி ஆய்வாளர் இதனை இன்னும் முறையாகப் பயன்படுத்தவில்லை. கிழக்கே இதே கிழங்கு வேறொரு தொழிலுக்குக் காரணமாயிற்று. கீழைநாடுகளிலிருந்து வந்த சவ்வரிசி நின்றதால், 1943 அளவில் சேலத்தில் அதனை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கினர். இன்றும் சேலம் அத்தொழிலின் தலைமையிடமாக உள்ளது.

குத்தகப்பாட்டம்

அரிசிக்கு மாற்றாக அரசுகள் கண்ட வழி ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம். விளைவிக்க நிலம் வேண்டும். எஞ்சியிருந்த நிலம் காடு. ஏலமலைக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய சரிவுகளிலும் திருவிதாங்கூர் அரசு உணவுப்பயிருக்கென நிலங்களைக் குறுகியகாலக் குத்தகைக்கு விட்டது. இவ்வுரிமையின் பெயர் குத்தகப்பாட்டம்.

மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லில் வழுக்கி விழுவது எளிது. தமிழில் குத்தகை என்பது நிலத்தை வாடகைக்கு எடுத்தல். மலையாளத்தில் ‘குத்தக’ என்பதற்கு ஒப்பந்தம், தனியுரிமை என்னும் பொருள்கள் முன்னிற்கின்றன. பொருளியலில் முற்றுரிமையையும் அதுவே குறிக்கும். ‘பாட்டம்’ மலையாளத்தில் நிலவாரம். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் வரிப்பெயர்களின் ஈறாக வரும் சொல்லும் இதுவே. ஆகவே குத்தகப்பாட்டத்தை வெறும் ‘குத்தகை’ எனப் பெயர்த்தால் இன்ன பயிருக்கு, இவ்வளவு காலத்துக்கு என்று எல்லையிடப்பட்ட உரிமை என்ற கூறு மறைந்துபோகும். வரலாறோ அந்தக் கூற்றில்தான் அடங்கியுள்ளது. தற்காலிகம் என்று கொடுக்கப்பட்ட நிலத்தில் மரம் வெட்டி, கப்ப நட்டு, குடில் கட்டி, மலைக்காய்ச்சலில் மக்களைப் புதைத்தவர்கள், போர் முடிந்ததும் இறங்கிச் செல்லவில்லை. 1947 டிசம்பரில் உணவுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு மறு ஆண்டே மீண்டும் விதிக்கப்பட்டது. பற்றாக்குறை தீராதவரை குத்தகையும் தீரவில்லை.

மலபார்க் காடுகளின் நிலை வேறு. அங்கு நிலம் ஜன்மிகளின் உடைமை. விற்றவரும் பாட்டத்துக்கு விட்டவரும் அவர்களே. திருவிதாங்கூர்க் குடிகள் 1920களிலிருந்தே வடக்கே சென்றனர் எனினும் போர்க்காலப் பஞ்சம் அப்பெயர்ச்சியைப் பெருக்கியது. எஸ். கே. பொற்றெக்காட்டின் ‘விஷகன்யக’ புதினம், போர் முடிந்த மூன்றாண்டில், 1948இல், இக்குடியேறிகளைப் பற்றியே எழுந்தது. மலையாளத்தில் ‘குடியேற்றம்’ என்ற பொதுச்சொல்லுக்கு இவ்வரலாற்றுப் பெயர்ச்சியைக் குறிக்கும் சிறப்புப் பொருள் ஏற்பட்டிருப்பதும், தமிழ்க் ‘குடியேற்றம்’ அச்சுமையைத் தாங்காததும் பெயர்ப்போர் உணரவேண்டியவை. தனியார் காடுகளைக் காக்கச் சென்னை அரசு 1949இல் சட்டம் இயற்றிற்று. உடைமை கைவிட்டுப் போகும் என்ற அச்சம் ஜன்மிகள் நிலத்தைக் கைமாற்றுவதை விரைவுபடுத்தியது.

அட்டப்பாடியில் இதன் விளைவு எண்ணிலேயே தெரியும். கோவை எல்லையை ஒட்டிய அப்பள்ளத்தாக்கில் 1951இல் பத்தில் ஒன்பது பேர் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர். மேற்கிலிருந்து திருவிதாங்கூர்க் குடிகளும் கிழக்கிலிருந்து கொங்குநாட்டு வேளாளரும் வந்தனர். 1971இல் பழங்குடியினர் பாதிக்கும் கீழே குறைந்தனர். தேவிகுளத்து முதுவர், உடும்பன்சோலைப் பக்கத்து மன்னான் ஆகியோரின் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடைப்பட்டது. மொழியியலார்க்கு அது அரிய செல்வம். அதைப் பேசியோர்க்குக் காடு சுருங்கியதே மிஞ்சியது. ‘அதிக உணவு’ இயக்கம் அவர்கள் உணவைக் கணக்கில் கொள்ளவில்லை.

செக்ரோலும் பட்டயமும்

மலைமேல் குடியேறிகளுக்கு முன்பே இருந்த பெருந்தொகையினர் தேயிலைத் தோட்டத் தமிழர். 1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் பெறப்பட்டபின், திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் இவர்களைத் திரட்டிவந்தனர். லயம், பிரட்டு, கொழுந்து, கங்காணி என இவர்கள் ஆண்ட சொற்கள் தோட்ட வாழ்வின் சொற்களாயின. போர்க்காலத்தில் பிரிட்டன் அரசு தேயிலையை மொத்தமாக வாங்கியது, உழைப்புக்கு ஓய்வில்லை. கூலிக்கு நேரே அரிசியே இவர்கள் நாடியது. தோட்டம் வழங்கிய பங்கீட்டு அரிசி தொழிலாளியை லயத்தோடு கட்டிவைத்தது.

ஒரே பஞ்சம் இரு வகை மக்களுக்கு இரு வகைக் காகிதங்களை அளித்தது. குடியேறியவர் கையில் குத்தகப்பாட்டச் சீட்டு. அதில் நிலமும் எல்லையும் குறிக்கப்பட்டிருந்தன. தொழிலாளியின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில். அதில் நாளும் கூலியும் மட்டுமே இருந்தன. முன்னது காலப்போக்கில் உரிமையாக வளரக்கூடியது. பின்னது வேலை நின்ற அன்றே பொருளற்றுப்போவது.

இவ்வேறுபாடு 1955இல் அரசியல் எடை பெற்றது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களையும் செங்கோட்டைப் பகுதியையும் சென்னைக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினராக இருந்தும் அவ்வட்டமும் பீர்மேடும் கேரளத்திற்கே என்றது. மலைப் பொருளாதாரம் ஒரு காரணம். தோட்டத் தொழிலாளர் நிலையற்ற மக்கள், வந்து போவோர் என்பது மற்றொன்று. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து இறந்தவர் நிலையற்றவராகவும், பத்தாண்டுகளுக்கு முன் ஏறியவர் நிலைத்தவராகவும் எண்ணப்பட்டதற்கு, அவரவர் கையிலிருந்த காகிதத்தின் தன்மை பெரிதும் துணைசெய்தது எனலாம். இதற்கிடையே பட்டம் தாணுபிள்ளை அரசு 1950களின் நடுவில் மலைப்பகுதியில் திட்டமிட்ட குடியேற்றத்தைத் தொடங்கியது. கல்லாரில் உள்ள பட்டம் காலனி அவர் பெயரைத் தாங்கியது. இது தமிழர் தொகையைக் குறைக்கும் முயற்சி என்று திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கத்தினர் குறைகூறினர். உணவுப்பெருக்கமே நோக்கம் என்றது அரசு. போர்க்காலத்தில் தோன்றிய நியாயமே மீண்டும் கூறப்பட்டது என்பது நோக்கத்தக்கது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை உறுதியாயிற்று.

குடியேறியவர்க்கும் காகிதம் எளிதில் கனியவில்லை. இடுக்கி மின்திட்டத்தின் பொருட்டு 1961இல் அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்டோருக்காக ஏ. கே. கோபாலன் அமராவதியில் உண்ணாநோன்பு இருந்தார். அன்று முதல் மலையரசியலின் மையச்சொல் ‘பட்டயம்’. மலையாளத்தில் அது நில உரிமைச்சான்று; தமிழர் பட்டா என்பதே அது. இன்றைய தமிழில் பட்டயம் கல்விச்சான்றாகவோ பழஞ்செப்பேடாகவோ பொருள்படும். இதனினும் இடர் மிகுந்தது ‘கையேற்றம்’. மலையாளத்தில் அது ஆக்கிரமிப்பு. தமிழில் கையேற்றல் என்பது பொறுப்பை ஏற்றல், கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளல். நில ஆவணமொன்றில் ‘அரசு நிலம் கையேறியவர்’ என்ற தொடரை ஒலியொப்புமை கருதி அப்படியே தமிழில் இட்டால், ஆக்கிரமித்தவர் அரசிடமிருந்து முறையாகப் பெற்றவராகிவிடுவார். குடியேற்றமா கையேற்றமா என்பதே வழக்கு. 1977 ஜனவரி 1க்கு முன் காட்டுநிலத்தில் இருந்தோரின் இருப்பை முறைப்படுத்தும் தனி விதிகளைக் கேரள அரசு 1993இல் வகுத்தபோது, அவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு நாள் எல்லையாக நிறுத்தப்பட்டது.