நித்திரையால் ஆற்ற முயன்ற போர்க்காயம்

1940ஆம் ஆண்டு டன்கேர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்ட பிரித்தானியப் படையினருள், உடலிற் காயமெதுவுமின்றி நடுங்கியும் பேச்சிழந்தும் வந்தோர் பலர். லண்டனுக்குத் தெற்கே சட்டன் வைத்தியசாலையில் வில்லியம் சார்ஜன்ற், எலியற் ஸ்லேற்றர் என்னும் வைத்தியர்கள் அவர்களுக்குச் சோடியம் அமிற்றால் என்ற நித்திரை மருந்தை ஊசிமூலம் ஏற்றினர். பேச்சு மீண்டது. மறந்துபோயிருந்த போர்க்கள நினைவுகளும் சிலருக்கு மீண்டன. அவ்வாண்டு ஜூலையிலேயே 'லான்செற்' சஞ்சிகையில் இதனை எழுதினர்.

வட ஆபிரிக்கப் போர்முனையில் அமெரிக்க வைத்தியர்களான கிறிங்கரும் ஸ்பீகலும் இன்னும் ஒருபடி சென்றனர். பென்ரதோல் மருந்தால் அரைத்தூக்கத்தில் ஆழ்த்தி, அடக்கிவைத்த அச்சத்தை வாய்விட்டுச் சொல்லவைத்தனர். மனிதாபிமானம் இதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குணமடைந்தவனை மீண்டும் கடமைக்கு அனுப்புவதே இராணுவத்தின் நோக்கம் என்பதையும் மறைத்தல் ஆகாது.

இதே சிகிச்சையை ஜோன் ஹியூஸ்ரன் 1946இல் ஆவணப்படமாக்கினார். நடக்கமுடியாத ஒருவர் ஊசியின் பின் எழுந்து நடப்பதை அதிற் காணலாம். படத்தை எடுப்பித்த இராணுவமே அதனை முடக்கியது. 1980 இறுதியில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. வென்ற இராணுவத்துக்கு அழுகின்ற சிப்பாய் உகந்த விளம்பரம் அல்லவே!

அந்த 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மனவடுவின் பின்னான இந்நோய்க்குத் தனிப்பெயர் வழங்கியது. வியட்நாமிலிருந்து திரும்பியோரிற் பலருக்கு இரவுகளே எதிரியாகியிருந்தன. கொடுங்கனவுக்கு அஞ்சி அவர்கள் நித்திரையையே வெறுத்தனர். நித்திரைக் குளிசை கண்ணை மூடவைக்கும், கனவுக்குப் பொறுப்பேற்காது.

சியாட்டிலைச் சேர்ந்த வைத்தியர் மறே றாஸ்கின்ட், குருதியமுக்கத்துக்கு வழங்கப்படும் பழைய மருந்தான பிராசோசினைப் பரிசோதித்தார். மூளையில் நோரட்றினலினின் தூண்டுதலை அது தணிக்கிறது. 2003இல் வெளியான ஆய்வில் இருந்தோர் பத்துப் பேரே. ஆனாற் கனவுகள் குறைந்தன, நித்திரை கூடியது. 2013இல் ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 67 படையினரிடமும் பயன் தெரிந்தது.

பின்னர் வந்தது 2018. 304 முன்னாள் படையினரைக் கொண்டு அவரே நடத்திய பெரிய ஆய்வில் வெற்றுக் குளிசையை விட பிராசோசின் மேலானதாக இல்லை. தம் நம்பிக்கைக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டமை பாராட்டுக்குரியது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் அவ்வாய்வில் சேர்க்கப்படாமையும் காரணமாகலாம் என்ற விளக்கம் உண்டு.

பத்திரிகை மேசைக்கு வந்த போர்ச்செய்திகளில் இறந்தோர் தொகையும் காயமுற்றோர் தொகையும் இருக்கும். நித்திரை இழந்தோர் தொகையை நான் கண்டதில்லை.

2023இல் அமெரிக்க அரசின் வழிகாட்டி, கொடுங்கனவுகளுக்குப் பிராசோசினைத் தயக்கத்துடன் பரிந்துரைத்தது. டயஸிபாம் போன்ற பழகிப்போகும் மருந்துகளை இந்நோய்க்கு வழங்கவேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகவே சொன்னது.