வீட்டு நீச்சல் தடாகத்தின் சிலவை ஆர் கட்டினது?

வீட்டு வளவுக்குள் ஒரு நீச்சல் தடாகம் கட்ட என்ன சிலவாகும் எண்டு ஒரு கொந்தராத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கடதாசியில் எழுதித் தருவார். குழி வெட்ட இவ்வளவு, கம்பி கட்ட இவ்வளவு, கொங்கிறீற்றுக்கு இவ்வளவு, மோட்டருக்கும் பில்டருக்கும் இவ்வளவு. பிறகு மாதாமாதம் குளோரினும் கரண்ட் பில்லும். கணக்கு அதோடு சரி.

ஆனால் வீட்டு நீச்சல் தடாகத்தை நடுத்தரக் குடும்பத்தின் ஆசையாக மாற்றிய நாடு அமெரிக்கா. அங்கு அது எப்படி நடந்தது எண்டு தேடினால், அந்தக் கடதாசியில் ஏறாத இன்னொரு சிலவு தெரியவரும். அதைக் கட்டியவர்கள் தடாகத்தின் சொந்தக்காரர்கள் இல்லை.

1950ல் அமெரிக்காவில் நிலத்தில் பதித்த வீட்டு நீச்சல் தடாகம் வைத்திருந்தவை ஏறக்குறைய 2,500 குடும்பங்கள் மட்டுமே. 1999ல் அது 4 மில்லியன். நீச்சல் தடாகங்களின் சமூக வரலாற்றை எழுதிய ஜெஃப் வில்ட்சி தரும் கணக்கு இது. ஐம்பது வருசத்துக்குள் இப்படி ஏற என்ன காரணம்?

முதற் காரணம், விலை இறங்கினது. இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. கார்ல் எய்க்லி என்பவர் சிக்காகோவில் ஒரு அருங்காட்சியகத்துக்காக செத்த மிருகங்களைப் பதப்படுத்தி உருவம் கொடுத்தவர். அந்தக் கட்டடத்தின் உதிர்ந்த சுவரைத் திருத்துவதற்காக, சீமெந்துக் கலவையைக் காற்றழுத்தத்தால் பீச்சி அடிக்கிற ஒரு இயந்திரத்தை உருவாக்கினார். 1911ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிற்பாடு தடாகம் கட்டுபவர்கள் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். குழியை வெட்டி, கம்பி வலையைக் கட்டி, அதன்மேல் பீச்சி அடித்தால் போதும். பலகை அடைக்கத் தேவையில்லை. விரும்பிய வளைவும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சம்பளமும் கூடி, நகருக்கு வெளியே வளவுள்ள வீடுகளும் பெருக, தடாகம் பணக்காரரின் மாளிகையை விட்டு வெளியே வந்தது.

இது சரியான விளக்கம்தான், ஆனால் முழு விளக்கம் இல்லை. ஏனெண்டால் அதற்கு முன்னரே அமெரிக்கரிடம் நீச்சல் தடாகங்கள் இருந்தன. அவை பொதுவாக இருந்தன. 1920களிலும் 30களிலும் நகரசபைகள் போட்டி போட்டுக் கட்டின. 1936ல் ஒரே கோடையில் நியூயோர்க் நகரம் 11 பெரிய தடாகங்களைத் திறந்தது. ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கோடையில் போக ஒரு இடம் இருந்தது. அந்தப் பிள்ளை வெள்ளைப் பிள்ளையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து நீந்தத் தொடங்கிய காலத்தில்தான் கறுப்பினத்தவரை வெளியே தள்ளுவதும் இறுகியது என்கிறார் வில்ட்சி. கறுப்பு ஆண்கள் நீச்சலுடையில் வெள்ளைப் பெண்களுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. ஒரே தண்ணியில் இறங்கினால் ‘அழுக்கு’ ஒட்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

சென் லூயிஸ் நகரின் பெயார்கிரவுண்ட் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய வட்டத் தடாகம் ஒன்று இருந்தது. 1949 ஜூன் 21 அன்று முதன்முறையாகக் கறுப்புப் பிள்ளைகளும் உள்ளே விடப்பட்டார்கள். வேலிக்கு வெளியே வெள்ளையர் கூட்டம் கூடியது. பிள்ளைகளைப் பொலிஸ் பாதுகாப்போடு வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இரவுவரை பூங்காவைச் சுற்றி அடியும் வெட்டும். நகரசபை உடனேயே பழைய விதிக்குத் திரும்பியது. அடுத்த வருசம் நீதிமன்றம் தலையிட்டுக் கதவைத் திறந்தது. 1948 கோடையில் அந்தத் தடாகத்துக்கு 313,000 வருகைகள். 1950 கோடையில் 10,000. தண்ணி அதே தண்ணிதான். 1956ல் ‘ஆக்கள் வருவதில்லை’ எண்டு மூடினார்கள்.

தெற்கில் இன்னும் மோசம். அலபாமாவின் மொன்ற்கொமரி நகரம், கறுப்பினத்தவரை உள்ளே விடுவதிலும் பார்க்க மூடுவது மேல் எண்டு 1959ல் தன் பூங்காக்கள் எல்லாவற்றையும் மூடியது. பின்னர் பூங்காக்கள் திறந்தன, தடாகம் திரும்பி வரவில்லை. மிசிசிப்பியின் ஜக்சன் நகரசபையும் பொதுத் தடாகங்களைக் கைவிட்டது. எல்லாருக்கும் திறந்துவிட்டால் பாதுகாப்பும் இல்லை, சிலவும் கட்டாது எண்டு காரணம் சொன்னது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 1971ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் சமமாகத்தானே மூடப்பட்டிருக்கிறது, ஆகவே பாகுபாடு இல்லை.

சமமாக மூடப்பட்டது உண்மை. ஆனால் மூடியபிறகு போக இடம் இருந்தது ஆருக்கு? வெள்ளைக் குடும்பங்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்புகளுக்கும் தங்கள் வளவுக்கும் போயின. 1964 சிவில் உரிமைச் சட்டம் ஹொட்டல்களையும் உணவகங்களையும் திறக்கச் சொன்னது, தனியார் கிளப்புகளைத் தொடவில்லை. வளவுள்ள புறநகர் வீடு வாங்கவும் கறுப்பினத்தவருக்கு வழி அடைக்கப்பட்டிருந்தது. கடன் இல்லை, விற்பதற்கு ஆளும் இல்லை. வளவில் தடாகம் கட்டிய எல்லாரும் நிறவெறியில்தான் கட்டினார்கள் எண்டு நான் சொல்லவரவில்லை. பலர் பிள்ளைகள் வெயிலுக்கு விளையாடட்டும் எண்டுதான் கட்டியிருப்பார்கள். ஆனால் தனக்கெண்டு ஒன்று வந்தபிறகு பொதுவானதுக்கு வரி கட்டவும் குரல் கொடுக்கவும் ஆளில்லாமல் போனது.

அந்தச் சிலவு இன்னும் கட்டப்படுகிறது. தாய் தகப்பனுக்கு நீந்தத் தெரியாவிட்டால் பிள்ளையும் பெரும்பாலும் பழகாது. 2017ல் வெளியான ஒரு ஆய்வின்படி, கறுப்பினப் பிள்ளைகளில் 64 சதவீதத்தினருக்கு நீச்சல் தெரியாது, அல்லது கொஞ்சம்தான் தெரியும். வெள்ளைப் பிள்ளைகளில் இது 40 சதவீதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2014ல் சொன்னது இதைவிடக் கொடுமை: 5 முதல் 19 வயது வரையான கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் தடாகங்களில் மூழ்கி இறக்கும் வீதம் வெள்ளைப் பிள்ளைகளினதைப் போல ஐந்தரை மடங்கு.

இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்து ஆளுக்கு ‘அமெரிக்கன்ர வேலையைப் பார்’ எண்டு சொல்லிவிட்டுப் போக ஏலாது. எங்கட ஊர்க் கிணறுகளுக்கும் இதே கதை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் துலாவைத் தொடக்கூடாது. ஆரும் வந்து அள்ளி ஊத்தும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். பிறகு காலம் மாறியது. வசதியான வீடுகளுக்குத் தனிக் கிணறு, மோட்டர், மேலே தாங்கி எல்லாம் வந்தன. ஆர் ஆருடைய கிணற்றில் அள்ளுவது என்ற கேள்வி பல இடங்களில் தீர்க்கப்படவில்லை, கேட்கவேண்டிய தேவைதான் இல்லாமல் போனது.

ஒரு பொதுவான இடம் மூடப்படும்போது ‘சிலவு கட்டாது’ எண்டு ஒரு காரணம் சொல்லப்படும். அந்தக் கணக்கை வாங்கிப் பார்ப்பதோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: கடைசியாக ஆருக்குக் கதவு திறந்தபிறகு அந்தச் சிலவு கட்டாமல் போனது?