புகாரைக் கேட்க ஓர் ஆள்

எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவனிடம் வந்து "நெட்டு ரொம்ப ஸ்லோண்ணே" என்று சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். எங்கள் வயதுக்காரர்களுக்கு வேகத்தைப் பற்றிப் பெரிய புகார் கிடையாது. வேகம் என்ற ஒன்றையே பார்க்காமல் பாதி ஆயுளை ஓட்டியவர்கள் நாங்கள். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குப் போகும் வழியில் ஒரே கடையை முதலில் பூத்தாக, பிறகு பிரவுசிங் சென்டராக, இப்போது ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் பதிவு என்று நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்த ஊருக்குக் கம்பி வந்ததையும் போனதையும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தாயிற்று.

1985 வரை தபாலும் போனும் ஒரே துறை. அந்த வருடம் தொலைத்தொடர்பைத் தனியாகப் பிரித்தார்கள். மறு வருடம் டெல்லிக்கும் பம்பாய்க்கும் மட்டும் எம்.டி.என்.எல். என்று ஒரு கம்பெனி வந்தது. மற்ற ஊரெல்லாம் துறையோடுதான். போன் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கூடுதலாக டெபாசிட் கட்டுகிறவர்களுக்கு ஓ.ஒய்.டி. என்று தனி வரிசை. அதிலும் காத்திருப்புதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே. விண்ணப்பம் போட்ட அப்பாவின் பெயருக்கு வரவேண்டிய இணைப்பு மகன் காலத்தில் வந்தது என்ற கதை நாடு முழுக்க உண்டு. போன் ஓர் ஆடம்பரம், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்தக் காலத்து மத்திய அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் சொன்னதாக இன்றைக்கும் எழுதுகிறார்கள்.

வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்ட்டுக்கு இரண்டு மடங்கு, லைட்னிங்குக்கு எட்டு மடங்குக் கட்டணம். ஒரே கம்பி, ஒரே ஆபரேட்டர். காசு கூடினால் வரிசையில் முன்னால் போகலாம். இன்றைக்கு 'பிரீமியம் கஸ்டமர்' என்று தனி நம்பர் கொடுக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லைட்னிங் கால்தான் ஞாபகம் வரும்.

இதை மாற்றியது கிராமத்துக்கென்று செய்த ஓர் எக்ஸ்சேஞ்ச். 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், சாம் பிட்ரோடாவின் வழிகாட்டுதலில், 128 லைன் தாங்கும் சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறை வேண்டும். இதற்கு வேண்டாம், நம் ஊர்ப் புழுதியிலும் வெயிலிலும் ஓடும். 1986இல் கர்நாடகத்து கித்தூரில் முதலாவதை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சின்ன ஊர்களுக்கு நேரடி எஸ்.டி.டி. பரவியது, கூடவே மஞ்சள் போர்டு பூத்துகளும்.

என் பூத்தில் ஒரு மரக் கேபின், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல். பேசுகிறவர் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவதற்கென்று ஒரு மொழி இருந்தது: "நல்லாருக்கோம், மாடு கன்னு போட்டிருச்சு, பணம் வந்துச்சு, வச்சிர்றேன்." துக்கச் செய்தி சொல்ல வந்தவர்கள்கூட எண் மாறுகிறதா என்று ஒரு கண் வைத்திருப்பார்கள். இரவு 11 மணிக்கு மேல் கால்பங்குக் கட்டணம் என்பதால் அப்போதுதான் கூட்டம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஓட்டிவிட்டு வந்த டிரைவர்கள், சிங்கப்பூரில் மகன் இருக்கிற அப்பத்தாக்கள், திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பேசி முடித்ததும் சின்ன பிரிண்டர் கறகறவென்று ஒரு சீட்டைத் துப்பும். சண்டை வந்தால் அந்தச் சீட்டை வைத்துத்தான். முகத்துக்கு நேராகச் சண்டை போட ஒரு ஆள், அதாவது நான், அங்கே உட்கார்ந்திருந்தேன்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று பெருநகரங்களுக்குத்தான். 250 மணி நேரத்துக்குத் தனி ஆளுக்கு 5,000 ரூபாய். அந்தப் பணத்தில் எங்கள் பக்கம் அன்றைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். மதுரைக்காரர் ஒருவருக்கு இன்டர்நெட் வேண்டுமானால், இந்தப் பணத்தையும் கட்டிவிட்டு, சென்னை எண்ணுக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மீட்டர் இரண்டு பக்கமும் ஓடும். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். சத்யம் இன்ஃபோவே முதலில் வந்தது. விலை இறங்கியது. ஆனால் யாரிடம் இன்டர்நெட் வாங்கினாலும் வீட்டுக்கு வருகிற கம்பி துறையுடையதுதான். கடைக்காரர் நாலு பேர் ஆனார்கள், கடைக்குப் போகிற ரோடு ஒருத்தரிடமே இருந்தது.

பூத் வருமானம் குறையத் தொடங்கியதும் நானும் கேபினைப் பிரித்துவிட்டு கம்ப்யூட்டர்களைப் போட்டேன். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கும், அடங்கினால்தான் இணைப்பு. மோடம் அட்டையில் 56 கே என்று போட்டிருக்கும். பழைய காப்பர் கம்பியில் அதில் பாதி வந்தாலே சந்தோஷம். அந்த ஒற்றை லைனைத்தான் எல்லா கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுப்போம். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குப் பார்க்க வேண்டும். காலையிலேயே சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொள்ளும். ஒரு பையனின் ரிஜிஸ்டர் நம்பரை அடித்துவிட்டு எல்லாரும் திரையைப் பார்ப்போம். பக்கம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முதலில் பெயர், அப்புறம் தமிழ், ஆங்கிலம்... கணக்குக்கு வரும்போது லைன் கட்டாகும். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையை எந்தத் தொலைத்தொடர்பு அமைச்சரும் பார்த்திருக்க மாட்டார்.

அதே காலத்தில் மதுரைக்கு மறுபக்கம் மேலூரில் வேறொரு முயற்சி நடந்தது. கம்பியே வேண்டாம் என்றார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது. ஒரு கோபுரம், அதிலிருந்து நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற கிராமத்து வீட்டுக் கூரையில் ஒரு ஆன்டெனா, போனும் பேசலாம், விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இன்டர்நெட்டும் வரும். ஐ.ஐ.டி.யோடு ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆட்களும் என்-லோக் நிறுவனமும் சேர்ந்து 2001இல் மேலூர் வட்டத்தில் இதைத் தொடங்கினார்கள். 'சாரி' என்று பெயர்.

தொழில் போட்டி என்ற பயத்தில் நானும் போய்ப் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை, பொறாமைப்படத்தான் இருந்தது. கடன் வாங்கி உள்ளூர்ப் பெண் ஒருவர் நடத்திய மையம். அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு கிழவியின் கண்ணை வெப் கேமராவில் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். முதியோர் பென்ஷன், பிறப்புச் சான்றிதழ் மனுக்களெல்லாம் அங்கிருந்தே தாலுகா ஆபீசுக்குப் போயின. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம் என்று ஒருவர் கணக்குச் சொன்னார். "இது எங்களுக்கு நெட்டு இல்ல தம்பி, தாலுகா ஆபீஸு" என்றார்.

2005க்குள் அந்த மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. பிறகு வந்த ஆய்வுகள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது: மனுக்களை ஆர்வத்தோடு வாங்கிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள், அடுத்து வந்தவர்களுக்கு அது தேவையில்லாத வேலை. மெஷின் ரிப்பேர், வருமானக் குறைவு என்று மற்றவையும் உண்டு. ஆனால் கம்பி வைத்திருக்கிறவரைத் தாண்டியும் கிராமத்துக்கு இணையம் வரும் என்று நம் மாவட்டத்திலேயே காட்டினார்கள். அதை நாமே மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

துறை 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். ஆகியிருந்தது. 2005 ஜனவரி 14, பொங்கல் அன்று, டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. 256 கிலோபிட் வந்தால் அதுதான் பிராட்பேண்ட் என்று முந்தைய வருடக் கொள்கையில் எழுதியிருந்தார்கள். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் டவுன்லோடுக்கு அளவு உண்டு. ஆனால் ராத்திரி 2 மணி முதல் காலை 8 வரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊரில் பாதி இளவட்டம் அலாரம் வைத்து எழுந்து பாட்டு இறக்கியது. 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்று திண்ணையில் காத்திருந்தவர்களின் பேரன்கள் இவர்கள்.

அந்தக் காலத்து லைன்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பெய்தால் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கும். ரோடு போடுகிறவர்கள் தோண்டினால் கேபிளே போகும். லைன்மேன் பைக்கில் வருவார். தோளில் ஒரு டெஸ்ட் போன். பில்லர் பெட்டியைத் திறந்து, நூற்றுக்கணக்கான கம்பி ஜோடிகளுக்கு நடுவே நம்முடையதைக் கிள்ளிப் பிடித்து, காதில் வைத்துக் கேட்டு, "எக்ஸ்சேஞ்ச் பக்கம் டோன் இருக்கு, உங்க வீட்டுப் பக்கம்தான் எர்த் ஆவுது" என்பார். டீ வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் வருவார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அவருக்கு ஒரு முகம் இருந்தது. அவர் வரவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சுக்கே போய்ச் சத்தம் போடலாம்.

சட்டம்தான் வாயை அடைத்தது. கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் போனைத் துண்டித்ததற்கு நுகர்வோர் மன்றம் போய் ஜெயித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி போன் தகராறு நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வேலையில்லை என்று 2009 செப்டம்பரில் தீர்ப்பு. அந்த நடுவரை நியமிப்பது மத்திய அரசு. தனியார் கம்பெனிகளும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டித் தப்பித்தன. அகமதாபாத்தில் 249 ரூபாய் வாடகைத் திட்டத்தில் இருந்தவருக்கு 24,609 ரூபாய் பில் வந்த வழக்கில்தான், 2022 பிப்ரவரியில், நுகர்வோர் மன்றக் கதவு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இடையில் 12 வருடங்களுக்கு மேல். அந்த வருடங்களில் இந்தியாவில் செல்போன் இன்னும் கோடிக்கணக்கில் பரவியது.

செல்போனில் எங்கள் பக்கம் ராஜா ஏர்செல். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. மாதம் 98 ரூபாய்க்கு பாக்கெட் இன்டர்நெட் கொடுத்து காலேஜ் பையன்களை என் கடையிலிருந்து மொத்தமாகக் கூட்டிப் போனது. நகரும், நிற்கும், மறுபடி நகரும். ஆனால் கையிலேயே இருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டேட்டா இலவசம்; முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் 31 வரை. அந்த இலவசக் காலத்துக்குள்தான் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வந்தது. 2017 ஜனவரி 16 அன்று வாடிவாசல் பக்கம் உட்கார்ந்தவர்களை மறுநாள் காலையில் போலீஸ் கைது செய்து ஏற்றிய காட்சி, மத்தியானத்துக்குள் தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது. மெரினா நிறைந்தது. மெகாபைட்டுக்கு மீட்டர் ஓடியிருந்தால் அத்தனை பேர் நேரலை போட்டிருப்பார்களா? அரசியல் காரணம் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

இலவசம் முடிந்தபோது மற்ற கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாட்டில் திடீரென்று போனது. வேறு கம்பெனிக்கு மாற 1900க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும்; மெசேஜ் அனுப்ப சிக்னல் வேண்டும். அதே வருடம் ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைவரிசை தர 2019 அக்டோபரில்தான் முடிவெடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். லைன்மேன் என்ற ஆளே ஊரில் அபூர்வமானார்.

28 நாள் மாதம் வேறு. வருடத்துக்கு 12 ரீசார்ஜ் என்று நினைத்துப் பழகியவர்கள் 13 போட்டார்கள். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் சொன்ன பிறகுதான் அது வந்தது. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. 239 ரூபாய் பேக் 299 ஆனது. அந்த மாதம் மட்டும் நாடு முழுக்க பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சம் பேர் கூடினார்கள். என் கடைக்கும் சிம் மாற்றக் கூட்டம் வந்தது. கொஞ்ச நாளில் அதில் பலர் திரும்பியும் வந்தார்கள்.

போன வருடம் கடைக்கு ஃபைபர் போட்டேன், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. வேகத்துக்குக் குறைவில்லை. ஒருமுறை கட்டானபோது கஸ்டமர் கேரில் ஒரு குரல், தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2 என்றது. அழுத்த அழுத்த இன்னொரு குரல். கடைசியில் புகார் எண் கொடுத்துவிட்டு வைத்துவிட்டது. மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது, நெட் வரவில்லை. இந்தக் கம்பெனிக்கு எங்கள் ஊரில் ஒரு கதவுகூட கிடையாது. நான் போய்ச் சத்தம் போட வேண்டுமென்றால் எங்கே போவது?

ஊராட்சிகளுக்காவது அரசு ஃபைபர் வருகிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளும் கணக்கில் உண்டு. அலங்காநல்லூர் பேரூராட்சி, அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை.

இப்போது ஜல்லிக்கட்டுக்குக் காளையையும் மாடுபிடி வீரரையும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். அது ஓரிரு நாள்தான் திறந்திருக்கும். மாட்டின் படம், உரிமையாளர் படம், கால்நடை மருத்துவர் சான்றிதழ் எல்லாம் ஏற்ற வேண்டும். அன்றைக்கு என் கடை பழைய ரிசல்ட் நாள் மாதிரி ஆகிவிடும். ஃபைபர், இரண்டு கம்பெனி ஹாட்ஸ்பாட் என்று எல்லாவற்றையும் போட்டு வைப்பேன். ஓ.டி.பி. வரவேண்டிய போன் மட்டும் கடைக்குள் சிக்னல் எடுக்காது. மாட்டுக்காரர் தெருமுனைக்கு ஓடிப்போய் நின்று நம்பரைக் கத்துவார், நான் இங்கிருந்து அடிப்பேன். நேரம் முடிந்து எண் செல்லாமல் போனால் மறுபடி ஓட்டம். டோக்கன் வந்தால் கலர் பிரிண்ட் 20 ரூபாய். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் யாரும் என்னிடம் விலை பேசுவதில்லை.