கிளாஸ்கோ கலைப் பள்ளி: இருமுறை எரிந்த கட்டடம்

கப்பல் கட்டியும் இரும்பு வடித்தும் செல்வம் குவித்த நகரம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அந்நகரின் செங்குத்தான குன்றுச் சரிவொன்றில் கலைப் பள்ளிக்கெனக் கட்டடம் எழுப்ப 1896-இல் போட்டி அறிவிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட தொகை 14,000 பவுன். பள்ளித் தலைவர் பிரான்சிஸ் நியூபெரி வேண்டியதும் எளிமையான கட்டடமே. வெற்றி பெற்ற வரைபடம் ஹனிமன்–கெப்பி நிறுவனத்தின் பெயரில் வந்தது. அதை வரைந்தவரோ அந்நிறுவனத்தின் இளம் பணியாளர், அதே பள்ளியின் மாலை வகுப்புகளில் பயின்றவர், சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ்.

பணம் போதாமையால் கட்டடம் இரு கட்டங்களாக எழுந்தது. நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் 1899-இல் நிறைவுற்றன. மேற்குப் பகுதி 1907-இல் தொடங்கி 1909-இல் முடிந்தது. இத்தடை ஒரு வகையில் நற்பேறு எனலாம். கிழக்கு முகத்தில் பழைய ஸ்காட்லாந்துக் கோட்டையின் சாயல் தெரியும். மேற்கு முகத்திலோ நெடிய சாளரங்கள் விண்ணோக்கி எழும். ஒரு கலைஞன் பத்தாண்டுகளில் வளர்ந்த வளர்ச்சி ஒரே கட்டடத்தில் கல்லாய் நின்றது.

ஓவியம் பயில்வோர்க்கு நிலையான ஒளி வேண்டும். நேர் வெயில் படாத வடதிசை ஒளியே அதற்கு ஏற்றது. ஆகவே பயிற்சிக் கூடங்களை வடக்கு நோக்கி அமைத்து, மிகப் பெரிய சாளரங்களை வைத்தார் மெக்கின்டாஷ். அவற்றின் முன்னே மலர்க்கொத்தென வளைந்த இரும்புத் தாங்கிகள் வெறும் அணிகலன்கள் அல்ல. கண்ணாடி துடைப்போர் பலகை சார்த்தி வைக்கவும் அவை பயன்பட்டன. கருநிற மரத்தூண்கள் செறிந்த நூலகம் மேற்குப் பகுதியின் உயிர்நிலை. வெளிச்சம் நிறைந்த கூடங்களிலிருந்து அதனுள் நுழைவது திறந்த வெளியிலிருந்து கானகத்துள் புகுவதற்கு ஒப்பாகும்.

2014 மே 23 அன்று, மாணவர்கள் தம் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில், அடித்தளத்தில் தீப்பற்றியது. நுரைப்பொருளிலிருந்து வெளிப்பட்ட வாயு படவீழ்த்தியின் வெப்பத்தால் பற்றிக்கொள்ள, பழைய காற்றுப் போக்கிகள் தீயை மேலே ஏற்றின. தீத்தடுப்பு நீர்த்தெளிப்பு அமைக்கும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. நூலகம் சாம்பலாயிற்று, கட்டடத்தின் பெரும்பகுதியைத் தீயணைப்பு வீரர்கள் காத்தனர். சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஜூன் 15 இரவு மீண்டும் எரிந்தது; இம்முறை எஞ்சியது பெரும்பாலும் சுவர்களே. 2022-இல் வெளியான தீயணைப்புத் துறையின் அறிக்கை, தீ மூண்ட காரணத்தைக் கண்டறிய இயலவில்லை என்றது.

மூலத்திற்கு ஒப்பவே மீண்டும் கட்டுவதெனப் பள்ளி 2021-இல் அறிவித்தது. அது மெக்கின்டாஷின் கட்டடமாகுமா, அதன் போலியாகுமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இது காட்சிக்கென வைத்த நினைவுச்சின்னமன்று. நூறாண்டுக்கு மேல் மாணவர் கையும் வண்ணமும் பட்டுத் தேய்ந்த பயிற்சிக் களம். வடக்கு ஒளியை மீண்டும் கூடங்களுக்குள் கொணரலாம். அதற்கு வரைபடங்கள் இருக்கின்றன. அந்தத் தேய்மானத்திற்கு வரைபடம் ஏது?