உவர்நீர்க் கிணறும் பரிசோதகரின் படிவமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் நுளம்பு ஆய்வுகள் நடைமுறைக்கு வருவது பற்றி

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தெளிந்த நன்னீரில் பெருகும் என்பது இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. டெங்கு ஒழிப்பு வாரங்களில் தேடப்படும் டயர், சிரட்டை, யோகட் கப், அடைபட்ட பீலி எல்லாம் மழைநீர் தேங்கும் இடங்களே. ஆனால் ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த எஸ். என். சுரேந்திரனும் உள்ளிட்ட குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரையறையைக் கேள்விக்குள்ளாக்கியது. கரையோரக் குடியிருப்புகளில் கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவனையற்ற கிணறுகள், எறியப்பட்ட போத்தல்கள் ஆகியவற்றில், ஆயிரத்துக்கு 15 பங்கு வரை உப்புள்ள நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் இருந்தன. கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 35 பங்கு. 2012இல் யாழ்ப்பாணக் கரையோரத்திலிருந்தே உவர்நீரில் குடம்பிகள் வளர்வது பற்றிய சான்று வந்தது. 2019இல் யாழ் நகரின் வடிகால் நீரிலும் ஈடிஸ் ஈஜிப்டி வளர்வதும், அந்த நுளம்புகள் பைரித்திரொயிட் பூச்சிகொல்லிகளுக்கு எதிர்ப்பாற்றல் கொண்டிருப்பதும் காட்டப்பட்டன. கட்டுப்பாட்டு வேலை நன்னீர்க் கொள்கலன்களையே சுற்றி நிற்பதை இவ்வாய்வாளர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். இத்தகைய முடிவுகள் களத்துக்கு வரத் தாமதமாவதற்கு அறியாமை முதற்காரணம் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். அவற்றை ஏற்றுச் செயற்படுத்தும் பொறுப்பு எந்த ஒரு பதவியிலும் படிவத்திலும் பதியப்படாததே முதற்காரணம்.

குடாநாட்டில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணக்கற் படுகையில் தேங்கும் மழைநீரே ஆதாரம். அந்த நன்னீர் கனங்கூடிய உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதந்து நிற்கிறது. மின்பம்பி கொண்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறி, நல்ல தண்ணீர்க் கிணறு சவர்க் கிணறாகிறது. சவராகிய கிணற்றை எவரும் இறைப்பதில்லை, மூடுவதுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரி ஓய்ந்து முற்றத்துச் சிரட்டைகள் காய்ந்த பின்னும் அதில் நீர் நிற்கிறது. கோடையில் நுளம்பு அறாமல் நிலைத்திருந்து அடுத்த மாரியில் பெருகுவதற்கு இவ்வாறான இடங்கள் துணைபோகலாம் என்பது ஒரு கருதுகோள். அது முற்றாக நிறுவப்படவில்லை. ஆனால் எவரும் பார்க்காத இடத்திலிருந்து நிறுவலோ மறுப்போ வரப்போவதுமில்லை. படிவத்தில் 'நன்னீர்க் கொள்கலன்' என்ற நிரல் மட்டுமே இருக்குமானால், வீடு வீடாகச் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எவ்வளவு கடமையுணர்வு உள்ளவராயினும் சவர்க் கிணற்றை எட்டிப் பார்க்க அவருக்குக் காரணம் இராது.

மலேரியாவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டுத் தொற்று இல்லாத நிலையில், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. அதுவும் கிணறுகளிலேயே வளர்ந்தது. ஆனால் அங்கே கண்காணிப்பும் குடம்பி உண்ணும் மீன் விடுதலும் அதிகத் தயக்கமின்றித் தொடங்கின. மலேரியா தடை இயக்கத்துக்குப் பூச்சியியல் அலுவலர்கள், நிதி, கட்டளைத் தொடர் யாவும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதே இதற்கு முக்கிய காரணம் என்று கருதுகிறேன். டெங்குவில் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது: நோயாளர் விபரம் சுகாதார வைத்திய அதிகாரியிடம், வடிகாலும் குப்பையும் மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும், கிணறு வளவுக்காரரிடம். வளவுக்காரர் வெளிநாட்டில் இருப்பதும் குடாநாட்டில் வழமை.

பெரும்பாலான குடம்பிகள் நன்னீர்க் கொள்கலன்களில்தான் கிடைக்கின்றன, ஆளணி குறைந்த அலுவலகம் சிறுபங்கைத் தேடி அலைய வேண்டுமா என்ற மறுப்பு நியாயமானது. மாரியில் நானும் அதை ஏற்பேன். ஆனி, ஆடியில் அந்தக் கணக்குப் பொருந்தாது. நன்னீர்க் கொள்கலன்கள் குறைந்திருக்கும் அக்காலத்தில் கிணறுகளுக்கும் வடிகால்களுக்கும் செலவிடும் நாட்கள் வேறு வேலையைப் பறிப்பதில்லை. நுளம்பு குறைவதால் நோயும் குறையும் என்று காட்டும் பரிசோதனை வரும்வரை பொறுக்கலாமே என்பது இரண்டாவது மறுப்பு. புதிய மருந்தொன்றுக்கு அந்த நிதானம் தகும். தீங்கு குறைந்த ஒரு பரிசோதனை வேலையை ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் இவ்வாண்டும் அயற்பிரிவில் அடுத்த ஆண்டும் தொடங்கி ஒப்பிட்டால், நாம் கேட்கும் சான்று அந்த நடைமுறையிலிருந்தே கிடைக்கும். பூச்சிகொல்லிப் புகையூட்டலுக்கும் இதே கடுமையான அளவுகோலைக் கேட்க வேண்டும். எதிர்ப்பாற்றல் பற்றிய 2019 ஆய்வுக்குப் பின் அதைக் கேள்வியின்றித் தொடர்வது சான்றின்மீது கொண்ட மதிப்பாகாது.

கிணற்றில் எதையும் போட மக்கள் விடமாட்டார்கள் என்ற மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் நிபுணர் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்குக் கட்டளையிடும் வரை அது நீண்டது. அதற்குப் பின் தண்ணீர் பற்றிய அதிகாரியின் வாக்குறுதியை, சுன்னாகம் அடங்கிய வலிகாமத்தில் ஒருவர் ஐயத்தோடு கேட்பதில் தவறில்லை. ஆகவே குடிநீர்க் கிணற்றையும் பாவனையற்ற சவர்க் கிணற்றையும் முதலில் பிரித்துப் பதிய வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கு வலைமூடி போதும். சவர்க் கிணற்றுக்கு உப்பைத் தாங்கும் கப்பி மீனோ உவர்நீரிலும் குடம்பியைக் கொல்வதாக 2012 ஆய்வு காட்டிய பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பக்டீரியாவின் நஞ்சோ உரியவரின் ஒப்புதலோடு இடலாம். அந்தப் பதிவேட்டை வைத்திருக்கவும், பல்கலைக்கழகத்தின் புதிய முடிவுகளை ஆண்டுதோறும் பரிசோதகர்களின் படிவத்தில் சேர்க்கவும், பயன்படாத நிரல்களை நீக்கவும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் பூச்சியியல் அலுவலர் ஒருவர் எழுத்தில் பொறுப்பாக்கப்பட வேண்டும். அவருக்கு உப்புமானி ஒன்றும், உள்ளூராட்சிச் சபைகளின் வடிகால் துப்புரவு அட்டவணையில் தலையிடும் அதிகாரமும் தேவை.