கங்கரின் படைத்தலைவர் சாமுண்டராயர்

திருவேங்கடத்திற்கு அண்மையிலுள்ள கழுகுமலைப் பாறையில், தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் குயவரும் தச்சரும் குரத்தியரும் உண்டு. கன்னட நாட்டுச் சிரவணபெளகொளத்தில் 58 அடி உயரமுள்ள கோமடேசுவரரின் திருவடியருகேயும் கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்த தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. சாமுண்டராசன் செய்வித்தான் என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறவில்லை. பட்டமில்லை, பதவியும் இல்லை.

கூற வேண்டுமாயின் நிறையவே இருந்தன. கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மனின் படைத்தலைவராகக் கோனூர்க் களத்தில் நுளம்பரை வென்று ‘வீரமார்த்தாண்டர்’ எனவும், உச்சங்கிக் கோட்டைப் போரில் ‘ரணரங்கசிங்கர்’ எனவும் பெயர் பெற்றவர் சாமுண்டராயர்.

973இல் இராட்டிரகூடப் பேரரசு சாளுக்கியத் தைலபனிடம் வீழ்ந்தது. அதனைத் தாங்கி நின்ற மாரசிம்மன் அரசு துறந்து, பங்காபுரத்தில் அசிதசேனாசாரியர் முன்னிலையில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தான். அரியணைக்குப் போட்டி எழுந்தது. உள்நாட்டுப் பூசலில் சாமுண்டராயர் தம் தம்பி நாகவர்மனையும் இழந்தார். படை முழுதும் கையிலிருந்த அவ்வேளையில் தாமே அரசராக அவர் முற்படவில்லை. நான்காம் இராசமல்லனை அரியணையில் நிலைநிறுத்தி, அவனுக்கு அமைச்சராக அமைந்தார். எனினும் தம்பியைக் கொன்ற முதுராசய்யனை அவர் விட்டுவைக்கவில்லை. ‘சமரபரசுராமர்’ என்னும் பெயர் அப்பழிவாங்கலால் வந்ததே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தவரின் வாழ்வில் இச்செய்தியை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அவரும் அதனை மறைத்தவரல்லர்.

அமைச்சுப் பணியினிடையே, 978இல், அறுபத்துமூன்று பெருமக்களின் வரலாற்றைக் கன்னட உரைநடையில் இயற்றினார். அம்மொழியின் பழைய உரைநடை நூல்களுள் அது ஒன்று. கவி ரன்னனை ஆதரித்தார். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அவர் பொருட்டே பிராகிருதத்தில் ‘கோம்மடசாரம்’ அருளினார். கோம்மடர் என்பது சாமுண்டராயரின் மறுபெயர். விந்தியகிரியில் திருமேனி எழுந்தது 981ஆம் ஆண்டையொட்டி. அவர் காத்த கங்க அரசோ அதன்பின் நெடிது நிலைக்கவில்லை. 1004இல் தலைக்காடு சோழர் வசமாயிற்று.

அதே குன்றின் தூணொன்றில் அவர் வரலாறு விரிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எக்கடே கண்ணன் என்பவன், தன் சிறு கல்வெட்டொன்றுக்காக அதன் மூன்று பக்கங்களைச் செதுக்கி அழித்தான். எஞ்சிய பக்கத்தில் குலப்பெருமையும் போர்களுமே உள்ளன. கோமடேசுவரரைப் பற்றிய செய்தி அழிந்த பக்கங்களில் இருந்திருக்கலாம்.